சுங்கை சிப்புட்டிலிருந்து தேசிய நடனப் பள்ளிக்கு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பரதம் கற்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, கடைவீட்டு மாடி என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் வார இறுதியில் தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஓசை கேட்கிறது. ஏழெட்டு வயதில் சேர்கிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் சலங்கை பூஜை. வசதியுள்ள வீடாக இருந்தால் அரங்கேற்றம். பிறகு படிவம் 5-இன் அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம். நெருங்குகிறது; சலங்கை அலமாரிக்குள் போய்விடுகிறது. நடனத்தையே மேற்படிப்பாகப் படிக்கலாம், அதற்கென்று அரசாங்கமே கோலாலம்பூரில் அஸ்வாரா என்ற கழகத்தை நடத்துகிறது, கடல் தாண்டிச் சென்னையில் கலாக்ஷேத்ராவும் இருக்கிறது என்ற செய்தி பல வீடுகளுக்கு எட்டவில்லை. எட்டிய வீடுகளிலும், அரங்கேற்றம் செய்த பிள்ளையைத்தான் அங்கே எடுப்பார்கள் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது.

அது உண்மையல்ல. இரண்டு இடங்களிலும் பார்ப்பது பிள்ளையின் உடலை, தாளத்தை, கற்றுக்கொள்ளும் வேகத்தை. மண்டப வாடகை, பக்கவாத்தியம், பட்டுடை, நகை, விருந்து என்று ஓர் அரங்கேற்றத்துக்கு ஆகும் பணம் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்குப் பல மாதச் சம்பளம். கடன் வாங்கி அதைச் செய்துவிட்டு, மேற்படிப்புக்குக் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் பெற்றோரைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அந்தப் பணத்தை எங்கே போட வேண்டும், எந்த வயதில் எதைத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பள்ளிகள் எப்படி வந்தன?

விண்ணப்பிக்கும் இடத்தின் வரலாறு தெரியாமல் நேர்முகத் தேர்வுக்குப் போகக் கூடாது. அங்கே கேட்பார்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த வரலாறுதான் பாடத்திட்டமாக மாறியிருக்கிறது.

கோலாலம்பூர் ஜாலான் துன் இஸ்மாயிலில் இருப்பது அஸ்வாரா. முழுப்பெயர் அக்காடமி செனி புடாயா டான் வாரிசான் கெபாங்சாஆன். 1994-இல் தேசியக் கலைக்கழகமாகத் தொடங்கப்பட்டது. 2006-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 653-ஆம் சட்டத்தின் கீழ் இப்போதைய பெயரையும் சொந்தமாகப் பட்டம் வழங்கும் தகுதியையும் பெற்றது. பண்பாட்டுத் துறையைக் கவனிக்கும் அமைச்சின் கீழ் இயங்குகிறது. நடனம், நாடகம், இசை, திரைப்படம், எழுத்து, காண்கலை, அசைவூட்டம், கலை நிர்வாகம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புலங்கள் உண்டு. நடனப் புலத்துக்கு நீண்ட காலம் தலைமை தாங்கியவர் ஜோசப் கொன்சாலெஸ். மலாய் மரபு நடனங்களோடு இந்திய, சீன நடனங்களும் பாலேயும் நவீன நடனமும் ஒரே மாணவரின் உடலில் ஏற வேண்டும் என்ற கொள்கையில் இந்தப் புலம் வளர்ந்தது. பரதநாட்டியமும் ஒடிசியும் இங்கே பாடங்கள். ஆனால் அவை பல பாடங்களில் சில; அதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை திருவான்மியூரில் இருப்பது கலாக்ஷேத்ரா. மதுரையில் 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல், 1936 ஜனவரியில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் இதைத் தொடங்கினார். அவர் முதலில் கற்றது பரதம் அல்ல, பாலே. ரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் அதைக் கற்றார். உன் நாட்டு நடனத்தைத் தேடிப் போ என்று அவரைத் தூண்டியவரும் பாவ்லோவாதான். அதன் பிறகே மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதத்தின் பழைய வடிவமான சதிர் கற்றார். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைரவிழாவில் மேடையேறினார். கோயிலோடும் இசை வேளாளர் குடும்பங்களோடும் இணைந்திருந்த கலையை, சமூகம் இழிவாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பிராமணப் பெண் பொது மேடையில் ஆடியது பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு அரை வரலாற்றைத்தான் கொடுத்தவர்களாவோம். அந்த நடனத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் இசை வேளாளர் மரபின் பெண்களும், நடனம் கற்பித்த நட்டுவனார்களும். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று நாம் ஆடும் வரிசையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. காதல் சுவையான சிருங்காரத்தை அடக்கி, பக்தியையும் கோடு தவறாத உடல் ஒழுங்கையும் முன்னிறுத்தியது ருக்மிணி தேவியின் பாணி. அந்த மரபிலேயே பிறந்த தஞ்சாவூர் பாலசரஸ்வதி அதை ஏற்கவில்லை; சிருங்காரமே இந்தக் கலையின் உயிர் என்று வாதிட்டார். கலாக்ஷேத்ராவில் படிக்கப் போகும் பிள்ளை இந்த இருவரைப் பற்றியும் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கலாக்ஷேத்ரா 1962-இல் திருவான்மியூர்க் கடற்கரை அருகே ஏறத்தாழ 100 ஏக்கர் நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. டைகர் வரதாச்சாரியார், பாபநாசம் சிவன், மைசூர் வாசுதேவாச்சார் போன்ற பெருமக்கள் அங்கே இசை கற்பித்தார்கள். குற்றாலக் குறவஞ்சியும், பல பாகங்களாக விரிந்த இராமாயண நாட்டிய நாடகங்களும் அங்கேதான் உருவாயின. இந்திய நாடாளுமன்றத்தின் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. இந்தியப் பண்பாட்டு அமைச்சின் கீழ் இன்று இயங்குகிறது.

இந்த மரபு மலேசியாவுக்குப் புதிதல்ல. சூத்ரா நடனக் குழுவை 1983-இல் தொடங்கிய ரம்லி இப்ராஹிம், கலாக்ஷேத்ராவில் பயின்ற அடையாறு கே. லட்சுமணனிடம் பரதம் கற்றவர். 1981-இல் தொடங்கிய டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இன்றும் பிரிக்பீல்ட்ஸில் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறது. அதற்கும் வெகுகாலம் முன்பே நம் தோட்டங்களில் காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் விடிய விடிய நடந்தன. ஆட்டம் நமக்கு யாரோ கொண்டுவந்து கொடுத்த பொருளல்ல.

படி 1: எந்தப் பள்ளி என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்

பரதத்தில் ஆழமாக இறங்க வேண்டும், பாட்டும், தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கமும் கைவர வேண்டும், நான்கு ஆண்டுகள் வேறு எதையும் நினைக்காமல் இருக்க முடியும் என்றால் கலாக்ஷேத்ரா. அங்கே டிப்ளோமா நான்கு ஆண்டு. அதன் பிறகு மேல்நிலை டிப்ளோமா இரண்டு ஆண்டு. பரதத்தோடு கர்நாடக இசை, நடன இலக்கணம், நட்டுவாங்கம் எல்லாம் சேர்ந்தே வரும். ஊரில் எத்தனை ஆண்டு ஆடியிருந்தாலும் அங்கே போனதும் முதல் பாடமான தட்டடவிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். வர்ணம் ஆடிய பெண் முதல் நாளில் 'தெய்யா தெய்' தட்ட வேண்டியிருக்கும். இதை அவமானமாக நினைக்கும் பிள்ளைக்கு அந்த இடம் ஒத்துவராது.

நடனத்தை மலேசியாவில் தொழிலாகக் கொள்ள வேண்டும், மேடை அமைப்பும் நடன ஆக்கமும் கற்க வேண்டும், பல இனத்து நடனங்களையும் ஆட விருப்பம் என்றால் அஸ்வாரா. டிப்ளோமாவும் இளங்கலைப் பட்டமும் அங்கே உண்டு. ஜோகூரின் சாப்பின், அரண்மனை நடனங்களான அஷேக், ஜோகெட் கமெலான், கிளந்தானின் மக் யோங், சரவாக்கின் ஙாஜாட், சபாவின் சுமாசாவ் என்று நாட்டின் மரபுகள் உடலுக்குள் வரும். மக் யோங்கை யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அதை ஆடிய மூத்த கலைஞர்களைக் கழகத்துக்கு அழைத்து, அவர்கள் வாயிலாகவே மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அஸ்வாராவின் பெரிய தொண்டு.

"நம் பிள்ளை எதற்குப் பாலே கற்க வேண்டும்?" என்று சில பெற்றோர் முகம் சுளிக்கிறார்கள். ருக்மிணி தேவி தொடங்கியதே அங்கேதான் என்று அவர்களிடம் சொல்லுங்கள். உடல் கணக்கிலும் இரண்டுக்கும் உறவு உண்டு: முழங்கால் மடக்கி நிற்கும் அரைமண்டியிலும் பாலேயிலும் தொடை இடுப்பிலிருந்தே வெளிப்புறம் திரும்ப வேண்டும். முழங்காலை முறுக்கித் திருப்பினால் இரண்டிலும் காயம்தான்.

ஆண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பட்டணத்தில் பையன் பரதம் ஆடினால் கேலி செய்கிறார்கள், பன்னிரண்டு வயதுக்குள் நிறுத்திவிடுகிறார்கள். கேரளத்தின் பையனூரில், பிள்ளைகள் நிறைந்த ஓர் ஆசிரியர் குடும்பத்திலிருந்து 1953-இல் கலாக்ஷேத்ராவுக்கு வந்து சேர்ந்த சிறுவன்தான் பின்னாளில் உலகறிந்த வி.பி. தனஞ்செயன். இரண்டு பள்ளிகளும் ஆண் மாணவர்களை வரவேற்கின்றன. உறுமி மேளக் குழுவில் அடிக்கும் பையனுக்குத் தாளம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அவனை நடன வகுப்பின் வாசலில் நிறுத்திவைக்காதீர்கள்.

படி 2: உள்ளூர் வகுப்பை மதிப்பிடுங்கள்

ஆசிரியை பெரிய பெயர் பெற்றவரா என்பதைவிட மூன்று செய்திகளைக் கவனியுங்கள். அடிப்படை அசைவுகளான அடவுகளை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், ஆட வைக்கிறாரா? முழங்கால் கால்விரலுக்கு நேராக இருக்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்துத் திருத்துகிறாரா? பிள்ளையைத் தட்டுக்கழி பிடிக்கவும் ஜதி சொல்லவும் விடுகிறாரா? இவை இருந்தால் அது நல்ல வகுப்பு, பாய் விரித்த மண்டபமாக இருந்தாலும் சரி. திருவிழாவுக்குத் திருவிழா புதுப் பாட்டுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்து, அடவைத் தொடாமலே மூன்றாண்டு ஓட்டும் வகுப்பில் பிள்ளைக்கு மேடைப் பழக்கம் வரும். தேர்வுக்கு வேண்டிய அடித்தளம் வராது.

தரையைப் பாருங்கள். நம் பட்டணத்து வகுப்புகளில் பெரும்பாலானவை சிமெண்டிலோ ஓடு பதித்த தரையிலோ நடக்கின்றன. சிமெண்டு கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. தட்டும் அடியெல்லாம் கணுக்காலுக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் திரும்பி வரும். பலகைத் தரை கிடைக்கும் இடத்துக்கு வகுப்பை மாற்ற முடியுமா என்று பெற்றோர் சேர்ந்து கேளுங்கள். பழைய பள்ளி மண்டபங்களில் மேடை மட்டுமாவது பலகையாக இருப்பதுண்டு. முடியாவிட்டால் குதிக்கும் அடவுகளைக் குறைத்து, கை, பார்வை, ஜதிப் பயிற்சிக்கு அதிக நேரம் கொடுக்கச் சொல்லலாம். கீழ்க்காலில் தொடர்ந்து வலி என்று பிள்ளை சொன்னால் எண்ணெய் தேய்த்து மறுபடி அனுப்பாதீர்கள். ஓய்வு கொடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறாம் ஆண்டு முடிக்கப்போகும் பிள்ளைக்கு இன்னொரு வழியும் உண்டு. செக்கோலா செனி மலேசியா என்ற கலைப் பள்ளிகளைக் கல்வி அமைச்சு நடத்துகிறது. முதலில் 2007-இல் ஜோகூர் பாருவிலும் கூச்சிங்கிலும் தொடங்கின. பேராக்கிலும் ஒன்று இருக்கிறது. இடைநிலைப் படிப்போடு நடனமும் சேர்ந்து வரும். நுழைவுக்குத் திறன் தேர்வு உண்டு. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆறாம் ஆண்டிலேயே பெற்றோரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். படிவம் 1 தொடங்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

படி 3: படிவம் 3-இலிருந்து தாளமும் பாட்டும்

கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்கு நல்ல அரங்கு, நல்ல நிகழ்ச்சி எல்லாம் பக்கத்தில். நம் பிள்ளைக்கு அவை இல்லை. ஆனால் தாளத்துக்குக் காசும் வேண்டாம், இடமும் வேண்டாம். தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு, தகதிமிதகதகிட ஒன்பது. இந்த ஐந்து தாள ஜாதிகளையும் ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்குள் கையால் போட்டுச் சொல்லப் பழகட்டும். பள்ளி பஸ்ஸில் தொடையில் தட்டிக்கொண்டே சொல்லலாம். முதலில் ஒரு காலத்தில் பிசகாமல் வரட்டும், பிறகு இரட்டிக்கட்டும். தேர்வுக் கூடத்தில் புதிய ஜதி ஒன்றைச் சொல்லித் திருப்பிச் சொல்லக் கேட்டால் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

கலாக்ஷேத்ராவை நினைப்பவர்கள் பாட்டைத் தவிர்க்க முடியாது. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் வரை ஓர் இசை ஆசிரியரிடம் கற்பது போதுமான தொடக்கம். குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை, சுருதி விலகாமல் இருக்க வேண்டும். தேவாரம் பாடப் பழகிய பிள்ளைகளுக்கு இது எளிது. நம் கோயில்களில் நடக்கும் சமய வகுப்பும் திருமுறை வகுப்பும் இந்த வகையில் பெரிய உதவி.

அபிநய தர்ப்பணம் என்ற நடன இலக்கண நூலின் ஒற்றைக் கை முத்திரைகள் 28-ஐயும் பெயரோடு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவற்றில் சிலவற்றுக்கேனும் எங்கே பயன்படும் என்ற விளக்கமும் தெரிந்தால் நல்லது. கிளிப்பிள்ளை ஒப்பிப்பு வேண்டாம். பதாகத்தைக் காட்டி, இது மேகம், இது ஆறு, இது ஆசி என்று செய்து காட்டட்டும்.

படி 4: எஸ்.பி.எம். முடிவும் ஆவணங்களும்

நடனம்தானே, மதிப்பெண் எதற்கு என்று அலட்சியமாக இருப்பவர்கள் பிறகு வருந்துகிறார்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்கவே மலாய்மொழியில் தேர்ச்சி வேண்டும். 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். இந்நாட்டில் டிப்ளோமா படிப்புக்குப் பொதுவாகக் குறைந்தது மூன்று கிரெடிட் கேட்கிறார்கள். மலாய்மொழியில் கிரெடிட் எடுத்துவிடுவது எல்லா வகையிலும் பாதுகாப்பு, ஏனென்றால் அஸ்வாராவில் பாடமும் கட்டுரையும் நேர்முகமும் மலாயில்தான். நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர படிவம் 6-இன் எஸ்.டி.பி.எம். அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும். டிப்ளோமாவில் சேர்ந்து அங்கிருந்து பட்டத்துக்கு ஏறுவது எளிய வழி. ஒவ்வோர் ஆண்டு நிபந்தனையையும் கழகத்தின் இணையத்தளத்திலேயே பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய அறிவிப்பை நம்ப வேண்டாம்.

அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பெற்றோர் திருமணப் பதிவு. தோட்டப்புறத்தில் இவை மூன்றும் ஒழுங்காக இல்லாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பெற்றோரில் ஒருவருக்குச் சிவப்பு அடையாள அட்டை, திருமணம் பதியப்படவில்லை, பிறப்பைத் தாமதமாகப் பதிந்தார்கள் என்று ஏதோ ஒரு சிக்கல் பிள்ளையின் குடியுரிமையில் வந்து நிற்கிறது. அரசாங்கக் கல்வி நிலையத்தில் இடமும் கல்விக் கடனும் அதைப் பொறுத்தவை. உங்கள் வீட்டில் அப்படி ஏதேனும் இருந்தால் படிவம் 3-லேயே தேசியப் பதிவிலாகாவுக்குப் போய்விடுங்கள். எஸ்.பி.எம். முடிவு வந்த பிறகு தொடங்கினால் காலம் போதாது.

படி 5: திறன் தேர்வு நாள்

அஸ்வாராவின் தேர்வை மலாயில் ஊஜிபாகாட் என்பார்கள். நடனத் தேர்வென்றால் பொதுவாக இரண்டு பகுதி எதிர்பார்க்கலாம்: எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, புதிதாக ஒரு சிறு அசைவுத் தொடரைக் காட்டி ஆடச் சொல்வது, நீங்கள் தயாரித்துக் கொண்டுவந்ததை ஆடுவது. நம் பிள்ளைகள் இரண்டாவதுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள், முதலாவதுக்கு ஒன்றும் செய்வதில்லை. முதலாவதில்தான் தேர்வாளர்கள் பிள்ளையை அறிந்துகொள்கிறார்கள். வீட்டில் பயிற்சி எளிது. முன்பின் பார்த்திராத ஒரு ஜோகெட்டையோ சாப்பினையோ காணொளியில் போட்டு, எட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிறுத்தி ஆடட்டும். கால் ஒட்டி நேராக நிற்பது, தோளைத் தளர்த்துவது, உடலை ஓர் அலையாக விடுவது எல்லாம் பரதப் பிள்ளைக்கு முதலில் வராது. பள்ளிப் பண்பாட்டுக் குழுவில் சேர்ந்து மலாய் நடனம் ஆடிய பிள்ளைகளுக்கு இதில் பெரிய நன்மை இருக்கிறது. ஆகவே பள்ளியில் சாப்பின் குழுவுக்கு ஆள் கேட்டால் தயங்காமல் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள்.

தனி ஆட்டத்துக்கு முழு வர்ணம் எடுத்துப் போகாதீர்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் முடியும் திஸ்ர அலாரிப்பின் பகுதியோ, ஜதிஸ்வரத்தின் இரண்டு கோர்வையோ சுத்தமாக ஆடினால் போதும். பட்டுடையும் கோயில் நகையும் வேண்டாம். உடலின் கோடு தெரியும்படி கறுப்பு நிறத்தில் எளிய பயிற்சி உடை, இழுத்துக் கட்டிய முடி. பாட்டைக் கைப்பேசியிலும் பெண்டிரைவிலும் இரண்டு பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத்தில் ஏன் நடனம், ஏன் இந்தக் கழகம் என்று கேட்பார்கள். மலாயில் நான்கு வாக்கியம் சொல்லப் பழகுங்கள், ஆனால் மனப்பாடம் வேண்டாம். தன் ஆசிரியை யார், அவர் யாரிடம் கற்றார் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மதிப்புக் கூடும். சிறு பட்டணத்திலிருந்து வருகிறேன் என்று குறுகி நிற்கவும் வேண்டாம். காமன் கூத்தோ உறுமியோ கரகமோ பார்த்து வளர்ந்திருந்தால் அதைச் சொல்லட்டும். மரபுக் கலையைக் காக்கவென்று நிறுவிய கழகத்தில் அது மதிப்புள்ள அனுபவம்.

போக்குவரத்தில் நமக்குக் கவலையில்லை. இ.டி.எஸ். என்ற மின்ரயில் சுங்கை சிப்புட்டில் நிற்கிறது, நேராகக் கே.எல். சென்ட்ரலுக்குப் போகிறது. தேர்வு காலையில் என்றால் முந்தின நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். உடல் இறுகிய நிலையில் ரயிலிலிருந்து இறங்கி ஆடக் கூடாது.

படி 6: சென்னைக்கு என்றால்

கலாக்ஷேத்ராவின் விண்ணப்ப அறிவிப்பு அதன் இணையத்தளத்தில் வரும். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் வேறு. ஐ.சி.சி.ஆர். என்று அழைக்கப்படும் இந்தியப் பண்பாட்டு உறவு மன்றம், நடனமும் இசையும் படிக்க வரும் வெளிநாட்டினருக்கு உதவித்தொகை தருகிறது. அதன் ஏ2ஏ இணையவாசல் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கோலாலம்பூரில் உள்ள நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்தியப் பண்பாட்டு மையத்தில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள். இதில் போட்டி உண்டு; ஆகவே அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மாணவர் விசாவில்தான் போக வேண்டும், சுற்றுலா விசாவில் போய்ச் சேரலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் இந்தியாவில் இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். தாத்தா, பாட்டியின் இந்தியப் பிறப்பை நிறுவும் ஆவணம் வைத்திருக்கும் குடும்பங்கள், இந்திய வம்சாவளி வெளிநாட்டினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு முயலலாம், அது இருந்தால் விசாவே தேவைப்படாது.

வாழ்க்கை முறைக்கும் பிள்ளையைத் தயார்ப்படுத்துங்கள். வளாகத்தில் சைவ உணவுதான். காலையில் ஆலமரத்தடியில் எல்லாரும் கூடிப் பிரார்த்தனையோடு நாள் தொடங்கும். பெண்கள் பருத்திச் சேலையைத் தூக்கிக் கட்டி நாள் முழுதும் பயிற்சி செய்வார்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியும் என்பது பெரிய பலம். வடநாட்டிலிருந்து வரும் மாணவர்கள் பதத்தின் பொருளைக் கேட்டுக் கேட்டுக் கற்கும்போது, இவர்கள் நேராக அபிநயத்துக்குள் போய்விடலாம். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்ட குடும்பங்கள் இதை யோசிக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் அந்த டிப்ளோமாவுக்கு இங்கே அங்கீகாரம் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு டிப்ளோமா ஒன்றோடு திரும்பி வந்து அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அங்கீகாரக் கேள்வி எழும். சொந்தமாக வகுப்பு நடத்தவும் மேடையில் ஆடவும் அது தடையில்லை.

படி 7: பாதுகாப்பைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள்

2023 மார்ச் இறுதியில் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் தொல்லைப் புகார்களை முன்வைத்து வளாகத்திலேயே போராட்டம் நடத்தினார்கள். மாநில மகளிர் ஆணையம் தலையிட்டது, வழக்குப் பதிவாகி ஆசிரியர் ஒருவர் கைதானார், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அந்தப் பெண்கள் துணிந்து பேசியதை நான் மிகவும் மதிக்கிறேன். இதைப் படித்துவிட்டுப் பிள்ளையை அனுப்பவே மாட்டேன் என்று கதவைச் சாத்துவதும் சரியல்ல. பெரிய பெயர் இருக்கிறது, அங்கே ஒன்றும் நடக்காது என்று கண்ணை மூடுவதும் சரியல்ல. எந்தப் பள்ளியானாலும், சென்னையோ கோலாலம்பூரோ நம் கடைவீட்டு மாடியோ, புகாரை யாரிடம் கொடுப்பது, குழுவில் வெளியாள் இருக்கிறாரா, விடுதிப் பொறுப்பாளர் யார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நடன ஆசிரியர் உடலைத் தொட்டுத் திருத்துவது வழக்கம்தான். எது திருத்தம், எது அத்துமீறல் என்று பிள்ளைக்குப் பத்து வயதிலேயே தாய் தந்தையர் சொல்லிவிட வேண்டும். குரு சொன்னால் மறுபேச்சில்லை என்று வளர்த்த பிள்ளை, தேவையானபோது வாய் திறக்கத் தயங்கும்.

இடம் கிடைக்காவிட்டால்

அடுத்த ஆண்டு மறுபடி முயலலாம், வயது கடந்துவிடாது. இடையில் எஸ்.டி.பி.எம். எடுக்கலாம். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசை, நிகழ்கலைப் புலம் இருக்கிறது. ஆசிரியராக விரும்பும் பேராக் பிள்ளைகளுக்கு அது வீட்டுக்கும் அருகில். மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நிகழ்கலைப் படிப்புகள் உண்டு. அந்த ஓராண்டில் உள்ளூர் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டடவு சொல்லிக்கொடுக்க ஆசிரியையிடம் அனுமதி கேளுங்கள். தட்டுக்கழி கையில் இருந்தால் நட்டுவாங்கம் தானாக வளரும். அடுத்த நேர்முகத்தில் சொல்வதற்கு ஓர் அனுபவமும் இருக்கும். முதல் முறை விண்ணப்பித்த ஆவணங்களின் பிரதிகளையும், உறுதி செய்யப்பட்ட எஸ்.பி.எம். முடிவையும் ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டாம் முறை விண்ணப்பம் திறக்கும் நாளிலேயே அனுப்பிவிடலாம்.